மான்குட்டி என்ன ஆயிற்று?

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாவது ஸ்கந்தத்தில் வரும் பரத மகாராஜாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரிஷபதேவரின் மூத்த குமாரர். இந்த பூமிக்கு பாரத வர்ஷம் என்று பெயர் வரக் காரணமானவர். ராஜ்யத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, சாளக்கிராமம் கிடைக்கும் கண்டகி நதிக்கரையில், புலஹாசிரமத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். துளசியும் புஷ்பமும் பறித்து பகவானை ஆராதிப்பதே வேலை.

ஒருநாள் அவர் ஆற்றங்கரையில் ஜபம் செய்துகொண்டிருந்தபோது, நிறைசினையாக ஒரு பெண்மான் தண்ணீர் குடிக்க வந்தது. திடீரென்று சிங்கத்தின் கர்ஜனை! மிரண்டுபோய் ஒரே தாவாகத் தாவியது. வயிற்றிலிருந்த குட்டி நழுவி ஆற்றில் விழுந்தது. தாய்மான் ஒரு குகையில் விழுந்து உயிரை விட்டது. தண்ணீரில் அடித்துக்கொண்டு போன குட்டியை பரதர் ஓடிப்போய் எடுத்தார்.

அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். புல் ஊட்டினார். தோளில் தூக்கிக்கொண்டார். ஓநாய் வந்துவிடுமோ என்று பூஜைக்கு நடுவில் எழுந்து எழுந்து பார்த்தார். ஜபம் போயிற்று, நியமம் போயிற்று. பிராணன் பிரியும் நேரத்திலும் மான் நினைவே இருந்ததால் மானாகவே பிறந்தார்.

‘பற்று வைக்காதே’ என்று சொல்வதற்காக எல்லோரும் இந்தக் கதையைச் சொல்கிறோம். நானும் சென்னையில் ஒரு கோயில் மண்டபத்தில் அப்படித்தான் சொன்னேன். உபன்யாசம் முடிந்ததும் ஒரு மாமி தயங்கித் தயங்கி வந்தார்.

“மாமா, எங்க ஃபிளாட்ல பட்டுப்போன தென்னையை வெட்டினபோது பொந்துலேர்ந்து கிளிக்குஞ்சு ஒண்ணு விழுந்தது. காக்கா கொத்த வந்தது. எடுத்து வளர்த்தேன். இப்போ ‘கிருஷ்ணா’ன்னு கூப்பிடறது. நான் எடுத்தது தப்பா? எனக்கும் கிளி ஜன்மம்தானா?”

சிரிக்க முடியவில்லை என்னால். பரதர் குட்டியை எடுத்தது தவறே இல்லை. சரணாகதி என்று வந்த உயிரைக் கைவிட்டால் அதுதான் பாபம். தவறு எங்கே வந்தது? குட்டி தானாக மேயத் தெரிந்துகொண்ட பிறகும், ‘என்னை விட்டால் இதற்கு யார்?’ என்று நினைத்தாரே, அங்கே. பரதர் கண்மூடும்போது மான் ஒரு பிள்ளையைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்து துக்கப்பட்டதாம். மறுநாள் அது எங்கே போயிருக்கும்? சிங்கத்தைக் கண்டால் ஓட வேண்டும் என்று அதற்கு யார் சொல்லித் தந்தார்கள்? இதை நாம் யாரும் கேட்பதில்லை.

ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில், தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்த்துக் காட்டில் விட்டவர் டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மையார். 2018-ல் காலமானார். யானைக்குட்டிக்குப் பசும்பால் கொழுப்பு ஒத்துக்கொள்ளாது. எதை எதையோ கொடுத்துப் பார்த்து, கடைசியில் நம் தேங்காய் எண்ணெய்தான் கைகொடுத்தது! அது கலந்த பாலில் ஆயிஷா என்ற குட்டி தேறியது. அம்மையாரை நிழலாகத் தொடர்ந்தது. 1974-ல் மகளின் கல்யாணத்துக்காக அவர் சில நாட்கள் வெளியூர் போனார். ‘அம்மா போய்விட்டாள்’ என்று நினைத்த ஆயிஷா பாலைத் தொடவில்லை. ஏங்கியே செத்துப்போனது.

பால் கிடைத்தும் பிழைக்கவில்லை! அந்தத் துக்கத்திலிருந்து அம்மையார் ஒரு விதி செய்தார். எந்தக் குட்டியும் ஒரே ஆளிடம் ஒட்டக்கூடாது. மூன்று மணிக்கு ஒருதரம் புட்டிப்பால், ராத்திரி துணைக்குப் பக்கத்தில் படுக்கை எல்லாம் உண்டு. ஆனால் பணியாளர்கள் முறை மாறிக்கொண்டே இருப்பார்கள். குட்டி மற்றக் குட்டிகளோடுதான் ஒட்ட வேண்டும். மூன்று வயதை ஒட்டி சாவோ வனத்துக்கு அனுப்புவார்கள். அங்கே காட்டு யானைகளோடு மெல்ல மெல்லப் பழகி, தனக்குத் தோன்றும்போது அது போய்விடும். இதற்குப் பல வருஷங்கள்கூட ஆகும். இப்படி 300-க்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்திருக்கிறார்கள். எமிலி என்ற யானை 2008-ல் தான் ஈன்ற கன்றோடு திரும்பி வந்து, வளர்த்தவர்களிடம் காட்டிவிட்டுப் போயிற்றாம். தலைப்பிரசவம் முடிந்து குழந்தையோடு வாசலில் நிற்கும் பெண்ணை நினைத்துக்கொண்டேன்!

மாமியிடம் இதைச் சொன்னதும், “அப்போ நாளைக்கே ஜன்னலைத் திறந்து விட்டுடறேன்” என்றார். “கூடாது, கூடாது!” என்றேன். கையில் வளர்ந்த கிளிக்குக் காக்கையைத் தெரியாது, பூனையைத் தெரியாது, இரை தேடத் தெரியாது. அது விடுதலை அல்ல, கொலை. 1972-ம் வருஷச் சட்டப்படி நம் ஊர்க் கிளியை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. வனத்துறையிடம் ஒப்படைத்தால், மற்றக் கிளிகளோடு பெரிய கூண்டில் பறக்கவிட்டு, சிறகு பலப்பட்டு, மனிதரைக் கண்டால் விலகத் தெரிந்த பிறகு வெளியே விடுவார்கள். ரொம்ப நாள் மனிதரோடு பழகிவிட்ட சில பறவைகள் தேறாமலே போவதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

பதினைந்து நாள் கழித்து போன் செய்தார். “கொடுத்துட்டேன் மாமா. அங்கே இன்னும் நாலஞ்சு கிளி இருந்தது. ‘இனிமே பேர் சொல்லிக் கூப்பிடாதீங்கம்மா’ன்னார் அந்தப் பையன். பொண்ணைப் புக்காத்துக்கு அனுப்பினாப்ல இருக்கு.” குரல் கம்மியது. சற்றுப் பொறுத்து, “அந்தக் கூண்டை என்ன பண்றது?” என்று கேட்டார்.

“பழைய சாமான்காரனிடம் போட்டுவிடுங்கள்” என்றேன்.