விவாகப் புத்தகமும் மூதாதையர் மானமும்



தங்கள் வம்ச வரலாற்றை எழுதிவைக்கும் ஆசை இக்காலத்தில் அநேகக் குடும்பங்களில் உண்டாகியிருக்கிறது. நல்ல ஆசைதான். அதற்குக் கோவில் விவாகப் புத்தகத்தைப்போல் உதவுவது வேறு அரிது. ஆனால் அதைப் புரட்டுகிறவன் தான் தேடாததையும் காண்பான். பாட்டனாரின் விவாகத்துக்கும் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் நடுவே நான்கு மாதமே இருக்கலாம். பூட்டியின் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், தகப்பன் அறியப்படாதவன் என்று லத்தீனில் எழுதியிருக்கலாம். அப்போது மறைப்பதா, சொல்லுவதா?

விடை காணுமுன், அப்புத்தகம் ஏன் உண்டாயிற்று என்று பாருங்கள். முற்காலத்தில் ஆணும் பெண்ணும் குருவும் சாட்சியுமின்றி இரகசியமாய்ச் சம்மதம் கொடுத்துக்கொண்டாலும் அது விவாகமாகவே எண்ணப்பட்டது. துஷ்டர் சிலர் இப்படி ஒருத்தியை மணந்து, பின் அவளைக் கைவிட்டு, வேறொருத்தியைப் பகிரங்கமாய் மணந்துகொள்வார்கள். கைவிடப்பட்டவளுக்குச் சாட்சி ஏது? இக்கேட்டை நீக்கவே திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ம் ஆண்டில், விவாகம் பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் அறிய நடக்கவேண்டுமென்றும், மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் குருவானவர் புத்தகத்தில் எழுதிக் காக்கவேண்டுமென்றும் கட்டளையிட்டது. 1908 முதல், விவாகச் செய்தியை அவரவர் ஞானஸ்நானக் குறிப்பின் ஓரத்திலும் எழுதும் ஒழுங்கு திருச்சபை முழுவதற்கும் வந்தது.

நம் நாட்டில் 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம், கத்தோலிக்க விவாகப் பதிவுகளின் விவரத்தை மூன்று மாதத்துக்கொருமுறை அரசாங்கத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்பச் சொல்லுகிறது. ஆதலால் கோவில் ஏட்டைக் கரையான் அரித்திருந்தாலும் அரசாங்கப் பதிவு அகப்படக்கூடும். இரண்டும் ஒவ்வாவிடில் மூலத்தையே முதலில் நம்புங்கள். பிரதி எழுதுகிறவன் கை தவறக்கூடும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். "உள்ளதைத்தானே சொல்லுகிறோம்" என்பார் சிலர். எட்டாம் கற்பனை விலக்குவது பொய்யை மாத்திரமா? தக்க காரணமின்றிப் பிறருடைய மெய்யான குற்றத்தை வெளியிடுவதும் பாவமே. சம்பந்தம் பேசும் வீட்டில், "அவர்கள் பூட்டி எப்படிப் பிறந்தவள் தெரியுமா?" என்று காதோடு காதாய்ச் சொல்லி ஒரு பெண்ணின் கலியாணத்தைக் கெடுக்கிறவன், உண்மையை ஆயுதமாக்கிக் கொலைக்கொத்த காரியம் செய்கிறான். செத்தவளோ எழுந்துவந்து பதில் சொல்லமாட்டாள்.

அவன் சொல்லுவது உண்மைதானா என்பதும் சந்தேகமே. விவாகத்துக்கு முன்பே பிள்ளை இருந்தால், பெற்றோர் ஊர்முறைப்படி முன்னமே மணந்து, மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றபின் கோவிலில் விவாகத்தை ஒழுங்குசெய்திருக்கலாம். ஒரு வரியைக் கண்டு தீர்ப்பிடலாகாது.

வேறு சிலரோ குலப்பெருமைக்கு அஞ்சித் தேதியைத் திருத்துகிறார்கள். அந்தப் பூட்டியின் பெயரையே வம்சாவளியிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். இது பொய் மாத்திரமல்ல. உயிரோடிருந்த காலத்தில் ஒருவன் அவள் தாயைக் கைவிட்டான். இன்று அவள் இரத்தத்தில் பிறந்தவர்களே அவளைக் கைவிடுகிறார்கள். எளியவளுக்குச் சாட்சியாக ஏற்பட்ட புத்தகத்தைக்கொண்டு அவளைத் தூற்றுவது எப்படித் தகாதோ, அப்படியே அந்தச் சாட்சியை அழிப்பதும் தகாது.

சேசுநாதருடைய வம்ச அட்டவணையை எழுதிய அர்ச். மத்தேயு, தாமார், ராகாப், உரியாவின் மனைவி ஆகியோரை விட்டுவிடவில்லை. அவர்களை ஒரு சொல்லாலும் இகழவுமில்லை. நாம் கைக்கொள்ளவேண்டிய முறை அதுவே.

ஆகையால், பங்குக் குருவானவரின் உத்தரவு பெற்றுப் புத்தகத்தைப் பாருங்கள். எழுதியிருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் உங்கள் வீட்டு ஏட்டில் எழுதுங்கள். ஊகத்தை எழுதாதீர்கள். பிள்ளைகள் தக்க வயதில் கேட்டால் மரியாதையோடு சொல்லுங்கள். அயலாரிடம் சொல்ல அவசியமில்லை. அந்தப் பெயரை எழுதி முடித்ததும், அந்த ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அவள் பேருக்கு வேண்டிக்கொள்ள உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?