சிறந்த ஆட்டக்காரனைத் தண்டிக்கலாமா?

விளையாட்டு ஓர் அற்ப காரியம் என்று எண்ணுவோர் பலர். ஆனால் அற்ப காரியங்களில்தான் மனிதனுடைய குணம் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது. கோயிலில் அடக்கமாய் நிற்கிறவனும், அலுவலகத்தில் பணிவாய்ப் பேசுகிறவனும், நடுவர் விரலை உயர்த்தி 'அவுட்' என்றதும் என்ன செய்கிறான் என்று பாரும். அந்த ஒரு நிமிஷத்தில் அவனை நீர் முழுவதும் அறிந்துகொள்வீர். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்பது வீண் வேலையாகாது.

நமது செங்கல்பட்டுச் சீமையில் கிரிக்கெட் ஆடாத ஊர் அரிது. காலவாக்கத்துக் கல்லூரி மைதானத்தில் வெள்ளை உடையும் தோல் பந்துமாக முறையான ஆட்டங்கள் நடக்கின்றன. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில், அலை இறங்கி இறுகிய மணலில், டென்னிஸ் பந்து துள்ளுகிறது. எங்கே ஆடினாலும் என்றாவது ஒரு நாள் வந்தே தீரும் சங்கடம் ஒன்று உண்டு. அதை ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

உமது ஊர்க் கிளப்புக்கு அரையிறுதி ஆட்டம். நடுவராய் நிற்பவர் ஒரு காலத்தில் ஆடி ஓய்ந்த பெரியவர். கையில் கொடுப்பது பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாய்ப் போகும். ஆட்டத்தின் மேலுள்ள ஆசையால்தான் அவர் வெயிலில் நிற்கிறார். உங்கள் அணியின் முதல்தர மட்டையாளனுக்கு அவர் எல்.பி.டபிள்யூ. கொடுக்கிறார். தீர்ப்பு சரியோ தவறோ, தெரியாது. அவன் மட்டையை வீசி எறிகிறான். பெரியவரின் தாயைப் பழித்துப் பேசுகிறான். நெஞ்சால் அவரை மோதித் தள்ளுகிறான். எப்படியோ ஆட்டத்தில் உங்கள் அணி ஜெயித்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். அவனை அணியில் சேர்ப்பதா, நிறுத்துவதா?

அன்று மாலை கிளப்பில் மூன்று விதமான நியாயங்கள் பேசப்படும். மூன்றையும் பொறுமையாய்ச் சோதிப்போம்.

முதலாவது, “விளையாட்டுத்தானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா?” என்பார்கள். வாசகரே, விளையாட்டு என்பதனாலேயே இது பெரிது. ஒருவன் 'அவுட்' ஆவது பழம் பழுத்து விழுவதுபோல் இயற்கையாய் நடப்பதன்று. இருபத்திரண்டு பேர் தங்கள் சொந்த விருப்பத்தால் ஒரு மனிதனுடைய சொல்லுக்குக் கட்டுப்படுவதாய் ஒப்புக்கொண்டதனால் மட்டுமே அது நடக்கிறது. அந்த ஒப்பந்தத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கட்டையும் ஒரு பந்துமே. 13ஆம் நூற்றாண்டின் பெரிய ஞானியான அர்ச். தோமாஸ் அக்வினாஸ், உடலுக்கு ஓய்வு வேண்டியதுபோல் மனதுக்கும் ஓய்வு வேண்டும், அந்த ஓய்வே விளையாட்டு என்று ஏற்றுக்கொள்கிறார். அதோடு நிற்காமல், விளையாட்டை நெறிப்படுத்தவும் ஒரு புண்ணியம் உண்டென்கிறார். பிறருக்குத் தீங்கான செயலில் இன்பம் தேடலாகாது, மனதின் சமநிலையை அடியோடு இழக்கலாகாது என்பவை அவர் வைக்கும் எச்சரிக்கைகளில் இரண்டு. விளையாட்டு நீதிக்குப் புறம்பான இடம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இரண்டாவது, “அவன் இல்லாவிட்டால் தோற்றுப்போவோம்” என்பார்கள். இது உண்மையாயிருக்கலாம். ஆனால் இதைச் சொல்லுகிறவர்களிடம் ஒரு கேள்வி கேளும்: “இதே குற்றத்தை நமது பதினோராவது ஆட்டக்காரன் செய்திருந்தால் என்ன செய்திருப்போம்?” அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கடைசி ஆளைத் தண்டித்து முதல் ஆளை மன்னிக்கும் கிளப்பில் இரக்கம் என்பது இல்லை, விலைவாசிதான் இருக்கிறது. நூறு ஓட்டம் எடுப்பவனுக்கு இத்தனை வசைச் சொல் இலவசம் என்று அங்கே சொல்லாமல் சொல்லப்படுகிறது. அந்த இலவசத்தின் செலவை ஏற்கிறவர் யார்? வெயிலில் நின்ற அந்தப் பெரியவர். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களும் ஒரு பாடம் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

மூன்றாவது நியாயம் கனமானது. “இளரத்தம், கோபத்தில் செய்துவிட்டான். நிறுத்தினால் கிளப்பைவிட்டே போய்விடுவான். கெட்ட சகவாசத்தில் விழுவான். மன்னிப்பதல்லவா நமது கடமை?” மன்னிப்பு நம் கடமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மன்னிக்கும் உரிமை முதலில் யாருக்கு உரியது? அடிபட்டவருக்கு. பெரியவர் பட்ட அவமானத்தைக் கிளப்பின் செயற்குழு தன் சௌகரியத்துக்காக மன்னிப்பது, அடுத்தவன் பணத்தில் தர்மம் செய்வதைப் போன்றது.

மேலும், மனஸ்தாபம் மெய்யானதா என்றும் பார்க்கவேண்டும். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்திருப்பீர். அங்கே ஒரு பூனை முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதன் அருகே எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. அந்தத் தவம் எதற்கென்று பார்த்தவுடனே நாம் சிரிக்கிறோம். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, தலைவர் எழுதிக்கொடுத்தபடி ஒப்பிக்கும் மன்னிப்பும் பல சமயம் இந்தப் பூனைத் தவமே. “நான் ஆடாவிட்டாலும் சரி, அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்” என்று சொல்லுகிறவனுடைய மனஸ்தாபமே நம்பத்தக்கது.

சரி, தண்டிப்பதென்றால் எதைக்கொண்டு தண்டிப்பது? சம்பளத்துக்கு ஆடுகிறவர் விஷயம் எளிது. 2025 ஜூன் மாதம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், புகழ்பெற்ற ரவிச்சந்திரன் அஸ்வின் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பு ஒன்றை எதிர்த்துக் கோபத்தைக் காட்டினார். நடுவரை எதிர்த்ததற்குப் 10 சதவீதம், ஆட்டக் கருவியிடம் கோபத்தைக் காட்டியதற்கு 20 சதவீதம், ஆக ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடிக்கப்பட்டது. எத்தனை பெரிய பெயராயினும் விதி ஒன்றே என்பது அதில் நமக்குள்ள பாடம். ஆனால் நமது ஊர் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் ஏது? அவனே சந்தா கட்டி ஆடுகிறான். அவனிடமிருந்து எடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஆட்டம். வாரம் முழுவதும் உழைத்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே மகிழ்ச்சி. அதை எடுப்பது சிறிய தண்டனையன்று. ஆகவே அளந்து எடுக்கவேண்டும்.

அளவுக்கு வழிகாட்ட இப்போது கிரிக்கெட் சட்டமே உதவுகிறது. முன்பெல்லாம் நடுவர் அணித் தலைவரிடம் சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்தபின் மேலிடத்துக்கு எழுதுவதோடு சரி. 2017 அக்டோபரில் வந்த புதிய சட்டத் தொகுப்பின் 42ஆம் விதி, குற்றங்களை நான்கு படிகளாய்ப் பிரித்தது. தீர்ப்பை எதிர்ப்பது, ஆபாசமாய்ப் பேசுவது போன்ற முதற்படிக் குற்றத்துக்கு முதலில் எச்சரிக்கை. மறுபடி நடந்தால் எதிரணிக்கு 5 ஓட்டம். இரண்டாம் படிக்கு உடனே 5 ஓட்டம். நடுவரை மிரட்டும் தோரணையில் பேசுவது மூன்றாம் படி. அதற்கு 5 ஓட்டத்தோடு, குறிப்பிட்ட ஓவர்களுக்கு வெளியே உட்காரவேண்டும். 20 ஓவர் ஆட்டமானால் 4 ஓவர். நடுவரைத் தகாத முறையில் வேண்டுமென்றே தொடுவது, அடிப்பேன் என்று மிரட்டுவது, எவரையும் அடிப்பது ஆகியவை நான்காம் படி. செய்தவன் அந்த ஆட்டத்தை விட்டே வெளியேறவேண்டும். நமது உதாரணத்தில் நெஞ்சால் மோதியவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று நீரே சொல்லும்.

ஒருவன் செய்ததற்கு அணி முழுவதும் ஓட்டம் இழப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமே. அவனுடைய ஓட்டங்களில் பங்கு கொண்டவர்கள் அவனுடைய கோபத்திலும் பங்கு கொள்ளட்டும். அப்போதுதான் அடுத்த தடவை தோழர்களே அவன் தோளைப் பிடித்து இழுத்து வருவார்கள்.

ஆனால் சட்டம் மைதானத்தின் எல்லைக்கோடு வரைதான் வரும். அதற்கப்பால் கிளப்பும் ஊரும்தான் பார்க்கவேண்டும். இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டுப் பாரும். 1991இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த துலீப் கோப்பை இறுதி ஆட்டத்தில், ரஷீத் படேல் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ராமன் லாம்பாவைத் தாக்கப் பாய்ந்தார். படேலுக்கு 13 மாதத் தடை. லாம்பாவுக்கும் 10 மாதத் தடை. 2015இல் பெர்முடா தீவில், இரண்டு கிளப்புகள் மோதிய இறுதி ஆட்டத்தில், விக்கெட் காப்பாளர் ஒருவர் எதிரணி மட்டையாளரை அடித்தார். அவருக்கு ஆயுள் தடை, பதிலுக்கு மட்டையை ஓங்கியவருக்குச் சில ஆட்டங்கள் தடை. இரு இடத்திலும் இருவரையும் விசாரித்து, குற்றத்துக்குத் தக்கபடி பிரித்துத் தண்டித்தது சரி. ஆயினும் சம்பளமில்லாமல் ஆடுகிறவனுக்கு ஆயுள் தடை என்றால், திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொல்வதாகிறது. எவ்வளவு நீண்ட தடையாயினும் அதன் கடைசியில் ஒரு கதவு இருக்கவேண்டும் என்பதே எமது எண்ணம். குற்றத்தைத் தகுந்தபடி ஆராய்ந்து, அது மறுபடி நடவாத அளவுக்குத் தண்டிப்பவனே அரசன் என்று திருக்குறளும் 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தைத் தொடங்குகிறது. மறுபடி நடவாமை என்பதே அளவுகோல், பழிதீர்ப்பது அன்று.

அப்படியானால் கிளப் செய்யவேண்டியது என்ன? முதலில் தலைவர் அவனைத் தனியே அழைத்துப் பேசட்டும். கேளாவிட்டால் இரண்டொருவரோடு பேசட்டும். அதற்கும் கேளாவிட்டால் சபைக்குக் கொண்டுவரட்டும். சுவிசேஷம் காட்டும் இந்த ஒழுங்கு மைதானத்துக்கும் பொருந்தும். விசாரணையில் நடுவரின் வார்த்தையையும் அவனுடைய வார்த்தையையும் கேட்கவேண்டும். அணியைத் தேர்ந்தெடுப்பவர்களே தீர்ப்பும் சொல்லலாகாது. அவர்கள் கண் கோப்பையின் மேல் இருக்கும். தடையின் காலத்தை நாள் குறித்துச் சொல்லவேண்டும். பக்கத்து ஊர்க் கிளப்புகளும் அதை மதிக்கவேண்டும். இங்கே தடைபட்டவன் அடுத்த ஞாயிறு அடுத்த குப்பத்துக்கு ஆடினால், தண்டனை வெறும் ஊர் மாற்றமே. தடை முடியுமுன், சிறுவர் ஆட்டம் ஒன்றில் அவனை நடுவராய் நிற்கவைப்பது நல்லது. ஆறு பந்துகளை எண்ணிக்கொண்டு, வெயிலில் நின்று, இரு பக்கத்துக் கூச்சலையும் கேட்டபடி ஒரு விரலை உயர்த்துவது எத்தனை கடினம் என்று அன்றைக்கு அவன் அறிவான்.

வாசகரே, உமது கிளப்பிலும் இப்படி ஒரு மாலை வரும். இறுதி ஆட்டம் எதிரே நிற்கும். சிறந்த ஆட்டக்காரன் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான். எல்லோரும் உமது முகத்தைப் பார்ப்பார்கள். அவனில்லாமல் ஆடித் தோற்கும் துணிவு உமக்கு இருக்கட்டும். தோற்ற மறுநாள் அவன் வீட்டுக்குப் போய், “தடை முடிகிற நாள் உன் பெயர் அணியில் இருக்கும்” என்று சொல்லும் அன்பும் இருக்கட்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவன் கெட்டுப்போவான். இரண்டும் இருந்தால், அந்தப் பெரியவர் மறுபடியும் உங்கள் ஆட்டத்துக்கு நடுவராய் நிற்க வருவார்.