வாலிபர்களுக்கு ஒரு திண்ணை



மதீனத்துப் பள்ளிவாசலின் ஒரு பகுதியில் கூரையிட்ட இடம் ஒன்று இருந்தது. ‘ஸுஃப்ஃபா’ என்பது அதன் பெயர். தமிழில் அதைத் திண்ணை என்கிறோம். வீடும் வாசலும் இல்லாதவர்கள், கையில் காசு இல்லாதவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். ‘திண்ணைத் தோழர்கள்’ என்று நம் வரலாறு அவர்களைக் கண்ணியத்தோடு நினைவு கூர்கிறது. தொழுவதற்கு இடம் அமைத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், போக்கிடம் இல்லாதவர் வந்து உட்காரவும் இடம் வைத்திருந்தார்கள் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

அத்திண்ணையில் இருந்தவர்களுள் ஒருவர் ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள். ஒரு நாள் அவர்களுக்குக் கடும் பசி. வாய்விட்டுக் கேட்க நாணம். மக்கள் நடந்து செல்லும் வழியில் அமர்ந்து, வந்தவர்களிடம் ஒரு திருவசனத்தைப் பற்றிக் கேட்டார்கள். வசனத்தை அறிவதற்காகக் கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்துச் சென்று ஒரு வாய் உணவு தரமாட்டார்களா என்ற ஆவலில்தான் கேட்டார்கள். ஹழ்ரத் அபூபக்ர் (ரலி), ஹழ்ரத் உமர் (ரலி) ஆகிய இருவரும் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு சென்றுவிட்டார்கள். பின்னர் வந்த நபி (ஸல்) அவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள், உள்ளத்தில் இருப்பதைப் புரிந்துகொண்டார்கள். அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே அன்பளிப்பாக வந்திருந்த பாலைத் திண்ணைத் தோழர்கள் அனைவருக்கும் கொடுக்கச் செய்து, அபூஹுரைரா அவர்களையும் வயிறாரப் பருகவைத்து, எல்லோருக்கும் கடைசியாகத் தாம் அருந்தினார்கள். புகாரி ஷரீஃபில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

நம் வாலிபர்களின் நிலையும் இதுதான். அவர்கள் வாயால் கேட்பது ஒன்று. உள்ளம் தேடுவது வேறொன்று. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள யார் இருக்கிறார்கள்?

நம் மஹல்லாக்களைச் சற்றுப் பாருங்கள். பிள்ளை மக்தப் மதரஸாவில் குர்ஆன் ஓதி முடிக்கிறான். அன்று நார்ஷா வழங்கி மகிழ்கிறோம். அதன் பிறகு ஜமாஅத் அவன் பெயரை எழுதுவது நிக்காஹ் தஃப்தரில்தான்! இடைப்பட்ட பத்துப் பதினைந்து ஆண்டுகள் அவன் எங்கே இருந்தான்? தேர்வில் தோற்றபோது யாரிடம் போய் அழுதான்? வீட்டில் தாயும் தந்தையும் சண்டையிட்ட இரவில் எங்கே போய் உட்கார்ந்தான்? பாலத்துச் சுவரிலும் டீக்கடை பெஞ்சிலும் உட்கார்ந்தான். செல்போன் வெளிச்சத்தில் தனியே விழித்திருந்தான். போதை மாத்திரை விற்பவன் அவனுக்கு இடம் கொடுத்தான். பெயர் சொல்லி அழைத்தான். முதல் நாள் காசும் கேட்கவில்லை. நாமோ, தொழாதவன் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

பிரிட்டனில் வாழும் நம் மார்க்கச் சகோதரர்கள் இந்தச் சோதனையை நேரில் கண்டவர்கள். அங்கே வாலிபர்களுக்காக ‘டிராப்-இன்’ நிலையங்கள் நடப்பதுண்டு. முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. என்ன காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. வரலாம், தேநீர் குடிக்கலாம், விளையாடலாம், பேசலாம், பேசாமலும் போகலாம். 2010க்குப் பின் அரசின் சிக்கன நடவடிக்கையால் உள்ளாட்சி மன்றங்கள் நடத்திவந்த இளைஞர் மன்றங்கள் பல மூடப்பட்டன. பள்ளிவாசல்கள், தர்ம ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் பொறுப்பு அதனால் கூடிற்று. லண்டன் வைட்சேப்பல் வீதியில் 1985ல் எழுந்த ஈஸ்ட் லண்டன் பள்ளிவாசல், தன் அருகிலேயே 2004ல் லண்டன் முஸ்லிம் சென்டர் என்னும் சமுதாய நிலையத்தைத் திறந்தது. பெண்களுக்கென 2013ல் மர்யம் சென்டர் திறக்கப்பட்டது. 2001ல் முஸ்லிம் இளைஞர்களே ‘முஸ்லிம் யூத் ஹெல்ப்லைன்’ என்ற தொலைபேசி உதவிப் பணியைத் தொடங்கினார்கள். அழைப்பவர் தம் பெயரைச் சொல்லாமலே மனச்சுமையை இறக்கி வைக்கலாம். தந்தையிடமும் இமாமிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு செவி தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“பாவம் செய்பவனை உள்ளே விட்டால் பாவத்தை ஆதரித்ததாகாதா?” என்று சிலர் கேட்கலாம். ஒரு வாலிபர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து விபசாரத்துக்கு அனுமதி கேட்டார்! சூழ இருந்தவர்கள் அதட்டினார்கள். நாயகமோ அவரை அருகில் வரச் சொல்லி உட்காரவைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று நிதானமாகக் கேட்டார்கள். பின்னர் அவர்மீது கை வைத்து, அவருடைய பாவமன்னிப்புக்கும் உள்ளத் தூய்மைக்கும் கற்புக்கும் துஆ செய்தார்கள். அதன் பின் அவர் அப்பக்கமே நாடவில்லை என முஸ்னது அஹ்மதில் வருகிறது. பாவத்துக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பாவத்தை நாடி வந்தவருக்கு இடம் கிடைத்தது. அந்த இடம் கிடைக்காமல் போயிருந்தால் உபதேசம் அவர் காதில் ஏறியிருக்குமா?

ஆயினும் கதவைத் திறப்பது மட்டும் போதாது. பிள்ளைகள் அமானிதம். பொறுப்பாளர்கள் நன்னடத்தை அறியப்பட்டவர்களாக இருக்க வேண்டும். எந்நேரமும் பெரியவர் இருவராவது அங்கே இருக்க வேண்டும். மூடிய அறையில் ஒருவர் பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. பிள்ளை சொன்ன இரகசியத்தை ஊரில் பரப்புவது மோசடி. ஆனால் அவனுக்கு யாரேனும் தீங்கிழைப்பதாகத் தெரிந்தால் மறைக்கவும் கூடாது. பாதுகாக்க வேண்டியவர்களிடம் உடனே தெரிவித்தாக வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பொறுப்பாளர்களும் அவசியம். கேரம் பலகை இருக்கட்டும். பந்தயப் பணம் கூடாது. பாங்கு சொன்னதும் ஆட்டம் நிற்கட்டும். தொழச் செல்பவர்கள் மற்றவர்களை அன்போடு அழைக்கட்டும்.

செலவுக்கு என்ன செய்வது? ஜகாத் எட்டு வகையினரின் உரிமை. அதை வாடகைக்கும் பாய்க்கும் மின்கட்டணத்துக்கும் செலவிட நம் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் இடமில்லை. உபரியான ஸதகாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் செய்யலாம். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை இடம் தந்தால் அந்த வருமானத்தையும் பயன்படுத்தலாம். அங்கு வரும் பிள்ளை ஏழையாக இருந்தால், அவன் படிப்புக்கான ஜகாத்தை அவனுடைய பொறுப்பாளர் கையில் தாராளமாகக் கொடுக்கலாம்.

பெரிய கட்டிடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளிவாசலுக்கு அருகில் ஓர் அறை, அஸருக்குப் பின் திறந்திருக்கும் ஒரு கதவு, ஒரு கெட்டில் தேநீர், பொறுமையோடு கேட்கும் நாலு பேர் போதும். முத்தவல்லிகளே, ஜமாஅத் பெரியோர்களே, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தாய்மார்களே, பிள்ளை இரவு தாமதமாக வந்தால் “எங்கே சுற்றினாய்?” என்று கேட்கும் முன் சோற்றைப் போடுங்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவனே சொல்லிவிடக் கூடும்.

முகம் பார்த்து மனம் அறிந்த மாநபியின் உம்மத்தாகிய நமக்கு, நம் பிள்ளைகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் நல்லருளை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.