சாட் ரூமில் பொய்ப் பெயர்

போன மாதம் ஞாயிறு வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, படிவம் மூன்று படிக்கும் ஒரு தங்கச்சி வந்து கேட்டாள்: “அண்ணா, சாட் ரூமுக்குப் போனா சொந்தப் பேரு போடக் கூடாதுன்னு சொல்றாங்க. அப்போ பொய்ப் பேருதானே போடணும்? இங்க மட்டும் பொய் சொல்லாதேன்னு சொல்லித் தர்றீங்க?”

“பேருதானே தங்கச்சி, பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டேன். உட்கார இடம் கிடைத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. சொன்ன பதில் தப்பில்லை. ஆனால் பாதி பதில். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

முதலில், இன்னும் உள்ளே போகாதவர்களுக்குக் கொஞ்சம். ஐ.ஆர்.சி. என்ற உரையாடல் முறையை 1988இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினென் என்பவர் உருவாக்கினார். 1995இல் எம்.ஐ.ஆர்.சி. வந்த பிறகு விண்டோஸ் கணினி வைத்திருக்கிற யாரும் சுலபமாக நுழைய முடிந்தது. ஒரு புனைபெயர் கேட்கும், அதைத்தான் ‘நிக்’ என்கிறோம். பிறகு # குறியோடு தொடங்கும் ஓர் அறையின் பெயரை அடித்தால் உள்ளே போய்விடலாம். அடையாள அட்டை கேட்பவர் யாரும் இல்லை. நீங்கள் வெளியேறினால் அதே நிக்கை இன்னொருவர் எடுத்துக்கொள்ளவும் முடியும், பெயரைப் பதிவு செய்து காக்கும் வசதி அந்த இணைப்பில் இருந்தாலொழிய. உள்ளே போன அடுத்த நிமிடமே யாராவது ‘ஏ.எஸ்.எல்.’ என்று கேட்பார்கள். வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் எழுதாமல் சும்மா படியுங்கள். யார் விஷயமாகப் பேசுகிறார், யார் வம்புக்கு வருகிறார் என்று தெரிந்துவிடும். பள்ளியின் பெயர், வீட்டு எண், படம் எதுவும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, நாம் நினைக்கிற அளவுக்கு நாம் மறைந்திருக்கவும் இல்லை. ‘ஹூஈஸ்’ கட்டளையைப் போட்டால் எந்த இணைப்பிலிருந்து வந்திருக்கிறோம் என்பது பல இடங்களில் தெரியும்.

ஆக, பெயரை மறைப்பது வீட்டுக் கதவைப் பூட்டுவது மாதிரி. அதில் பாவம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டேன் என்றேனே, அது வேறு கதை.

நான் படிவம் ஆறு படித்தபோது மணிக்கு இரண்டு வெள்ளி கொடுத்து சைபர் கஃபேயில் உட்காருவேன். அங்கே எனக்கு வயது 24, வேலை பொறியாளர், ஊர் கோலாலம்பூர். யாரையும் ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. பதினெட்டு வயதுப் பையன் என்றால் எவனும் மதிக்க மாட்டான், அதனால்தான். அந்த அறையில் ஒரு தம்பி, எஸ்.பி.எம். முடித்திருந்தான். அப்பா லாரி ஓட்டுநர். “அண்ணே, படிவம் ஆறு போகவா, இல்ல காலேஜ்ல டிப்ளமா எடுக்கவா?” என்று கேட்டான். எனக்கே அந்த வருடம் படிவம் ஆறு கசந்துபோயிருந்தது, வேதியியல் மண்டையில் ஏறவில்லை. “படிவம் ஆறு டைம் வேஸ்ட் தம்பி, நேரா டிப்ளமா எடு. நான் அப்படித்தான் வந்தேன்” என்று அடித்தேன். அந்தக் கடைசி வரியை எழுதும்போது ஒரு கம்பீரம் வந்தது பாருங்கள், அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தான். அம்மா கூட்டுப் பணத்தை எடுத்து ஒரு தனியார் கல்லூரியில் கட்டிவிட்டார்களாம். “நீங்க சொன்னீங்கன்னு அப்பாகிட்ட பேசினேண்ணே. அந்த கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்குதானே?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. அங்கீகாரம் என்று ஒன்று பார்க்க வேண்டும் என்பதே அவன் கேட்ட பிறகுதான் தெரியும். ஜன்னலை மூடினேன். மறுநாள் வேறு நிக். அவ்வளவு சுலபம்.

கொஞ்ச காலம் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தீமை இல்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் அல்லவா? நல்ல எண்ணத்தில்தானே சொன்னேன்? ஆனால் அவர் பேசுவது விளைவைப் பற்றி. விளைவைப் பார்க்காமலே ஓடிப்போனவன் அந்தக் குறளுக்குப் பின்னால் ஒளிய முடியாது.

விராட நாட்டில் பாண்டவர்கள் இருந்த ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு பேருக்கும் பொய்ப் பெயர்தான். தருமர் கங்கன் ஆனார், அர்ச்சுனன் பிருகன்னளை ஆனான். வந்த வழி பற்றிச் சொன்ன கதையும் முழு உண்மையில்லை. சத்தியத்துக்குப் பேர் போன தருமரே அப்படிச் செய்தாரே என்று யாராவது என்னை மடக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டுப் பெற்ற வேலைகளைப் பாருங்கள். கங்கனுக்குச் சூதாட்ட நுட்பம் உண்மையாகவே தெரியும், வனவாசத்தில் பிருகதசுவ முனிவரிடம் கற்றது. பிருகன்னளை நடனம் சொல்லிக் கொடுத்தான், இந்திரலோகத்தில் சித்திரசேனனிடம் படித்த நடனம். பீமனுக்குச் சமைக்கத் தெரியும், நகுலனுக்குக் குதிரை தெரியும், சகாதேவனுக்கு மாடு தெரியும். பெயர் பொய், கை பொய்யில்லை. உத்தரை அந்த வருடம் கற்றுக்கொண்ட நடனம் நடனம்தான். வேடம் கலைந்தபோது அவளிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை.

என் வேடம் கலைந்தால் அந்தத் தம்பி கையில் என்ன மிஞ்சும்? அவன் என் பெயர் மீது சாயவில்லை. நான் பொறியாளன் என்பதன் மீது சாய்ந்தான். அந்த இடத்தில்தான் நான் காலியாக இருந்தேன். அவன் சந்தோஷமாகப் படித்து முடித்து இன்று என்னைவிட நல்லா இருக்கலாம். இருந்தாலும் அது என் புண்ணியம் ஆகாது.

இதைத்தான் அந்தத் தங்கச்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். முழுக்கதையும். “அந்த அண்ணனைத் தேடுனீங்களா?” என்றாள்.

தேடினேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வருடம் பழைய நிக்கையே போட்டுக்கொண்டு அதே அறையில் பல இரவுகள் உட்கார்ந்திருந்தேன். அவன் நிக்கில் ஒரு தடவை யாரோ வந்தார்கள். “தம்பி, நான்தான்” என்று அடித்தேன். அது வேறு யாரோ. பினாங்கிலிருந்து ஓர் அக்கா.

இப்போதும் எப்போதாவது போவேன். நிக் இன்னும் பொய்தான். என்ன வேலை என்று கேட்டால் “மூன்றாம் ஆண்டு மாணவன், மின்சுற்றுப் பாடத்தில் ஒருமுறை ஃபெயில்” என்று எழுதுகிறேன். பாதி பேர் அதோடு போய்விடுகிறார்கள்.