வெட்கம் யாருக்கு?

வரலாறு என்றதும் நம் மாணவன் கொட்டாவி விடுகிறான். ஏன் விடமாட்டான்? வரலாறு என்று நாம் அவனுக்குத் தந்தது அரசர் பட்டியல். பண்பாடு என்று தந்தது பழமைப் பெருமை. எந்த மன்னன் எந்த ஆண்டில் முடிசூடினான் என்று கேட்கிறோம். அந்த முடியின் பாரத்தைச் சுமந்தவர் யார் என்று கேட்பதில்லை. முன்னோர் வழக்கம் என்று ஒன்றைக் காட்டுகிறோம். எந்த முன்னோர், யாரை அடக்க வகுத்த வழக்கம் என்று அவன் திருப்பிக் கேட்டால், அதிகப்பிரசங்கி என்று வாயடைத்துவிடுகிறோம்.

தோழர்களே! வரலாறு எது, பண்பாடு எது என்று உணர்த்த மாணவனை ஏதென்சுக்கும் ரோமாபுரிக்கும் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டின் வாயிலாக விளங்கும் ஆரல்வாய்மொழிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பாடம் கண்முன் கிடக்கிறது.

முதற் பாடம், காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே இடைவெளி விட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்விடைவெளியில் புகுந்து சீறிப் பாய்கிறது. இன்று அங்கும் அருகிலுள்ள முப்பந்தலிலும் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்குக் காரணம் அதுவே. காற்று வந்த வழியிலேதான் வணிகரும் படைகளும் வந்தனர். படைகள் வந்ததால் திருவிதாங்கூர் மன்னர்கள் அங்கே கோட்டைச் சுவர் எழுப்பினர். நிலம் வழி திறந்தது. மனிதன் அதை அடைத்தான். இதிலே தெய்வ சித்தமும் இல்லை, தலைவிதியும் இல்லை. எல்லைக்கோடும் அப்படித்தான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாயிருந்த அம்மண், அன்று முதல் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. மனிதர் கிழித்த கோட்டை மனிதரே அழித்தெழுதினர்.

இரண்டாம் பாடம், சான்று. ஊரருகே காற்றாடிமலை. மதம் மாறிய தேவசகாயம் என்பார் 1752 சனவரியில் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏற்ற சமயத்துக்காகவே உயிர் துறந்தார் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் முடிவு. 2022-இல் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அரசுக்கு எதிரான குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் என வாதிடுவோரும் உண்டு. அங்குள்ள மணியடிச்சான் பாறையைத் தட்டினால் மணியோசை எழும். அதையும் அவர் சாவோடு இணைத்துக் கதை சொல்வர். மாணவன் பாறையைத் தட்டட்டும், ஓசையைக் கேட்கட்டும். பிறகு சிந்திக்கட்டும். ஓசை உண்மை, ஓசைக்குச் சொல்லப்படும் காரணம் நம்பிக்கை. அந்த நாளில் எழுதப்பட்டது எது, பின்னாளில் சேர்க்கப்பட்டது எது, எழுதியவர் எவர் பக்கம் நின்றார் என்று பிரித்துப் பார்க்கும் அறிவே வரலாற்றறிவு.

மூன்றாம் பாடம், சார்பு. 1809 பிப்ரவரி 10 அன்று ஆங்கிலக் கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை வீழ்த்தியது. எதிர்த்து நின்றவர் திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பி. அந்நியனை எதிர்த்த வீரர்! ஐயமில்லை. ஆனால் அதற்கு முந்திய மாதம் அவர் வெளியிட்ட குண்டறைப் பிரகடனத்தைப் படியுங்கள். கும்பினியார் வென்றால் சாதி ஆசாரம் சிதையும் என்ற எச்சரிக்கையும் அதிலே உண்டு. அவர் காக்க நினைத்த நாட்டிலே, நாட்டின் அடித்தளத்தில் கிடந்தவனுக்கு என்ன இடம்? அதற்காக ஆங்கிலேயரை விடுதலை வீரர் என்று கொண்டாடவும் வேண்டாம். அவர்கள் வந்தது வாணிபத்துக்கும் வருவாய்க்கும். ஒருவனை முழுத் தெய்வமாக்குவதும் முழுப் பேயாக்குவதும் புராணிகன் வேலை. வரலாறு மனிதரைப் பற்றியது.

இனி, பண்பாடு. ஆரல்வாய்மொழியைத் தாண்டி அதே நாட்டுக்குள் செல்வோம். அங்கே நாடார் குலத்துப் பெண்டிரும், தாழ்த்தப்பட்ட பிற குலத்துப் பெண்டிரும் மார்பை மறைக்கும் தோள்சீலை அணியக்கூடாது என்பது வழக்கம். வழக்கம் என்றால் வெறும் பழக்கமன்று. அரசும் மேற்சாதியும் தடியெடுத்துக் காத்த சட்டம். அதையே அன்று ஆசாரம் என்றனர். அப்பெண்கள் அதை ஏற்றனரா? இல்லை. 1820-களில் அணிந்தனர், ஆடை கிழிக்கப்பட்டது. 1829-இல் அரசு மீண்டும் தடை விதித்தது. 1830-களில் சாமிதோப்பில் வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வரச் சொன்னார். 1858-59-இல் கலகம் மூண்டது, வீடுகள் எரிந்தன. 1859 சூலை 26-இல்தான் அனுமதி பிறந்தது. அதிலும் வஞ்சகம்! மேற்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்று வேலி போட்டே அனுமதித்தனர்.

இப்போது சொல்லுங்கள், எது பண்பாடு? ஆடையைப் பறித்த ஆசாரமா? அதைக் கிழித்தெறிந்த துணிவா? பழமையானது என்பதாலேயே ஒன்று பண்பாடாகிவிடாது. மனிதரைப் பண்படுத்துவதே பண்பாடு. மனிதர் ஆக்கியதை மனிதர் மாற்றலாம் என்பதே அதன் அரிச்சுவடி.

இந்த வரலாறு ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கான மத்திய பாடநூலில், ஆடையின் சமூக வரலாற்றைக் கூறும் அதிகாரத்தில் இடம்பெற்றிருந்தது. அம்மக்களை வேற்றிடத்திலிருந்து குடியேறியவர் என்றும், கீழானவராகக் கருதப்பட்டவர் என்றும் கூறியது புண்படுத்துகிறது எனத் தமிழகத்தில் 2012-இல் எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது. 2016-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அப்பகுதியைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2019-இல், சுமை குறைப்பு என்ற பெயரால் அந்த அதிகாரமே நூலிலிருந்து மறைந்தது.

புண்பட்டவர் குறை பொய்யன்று. தம் பாட்டிமாரைப் பற்றிப் பிறர் எழுதிய இழிசொல்லை வகுப்பறையில் கேட்கும் பிள்ளை தலைகுனிவான். அச்சொல்லைத் திருத்தியிருக்க வேண்டும். ஆனால், பிழைபட்ட வரியைத் திருத்துவது வேறு, போராட்டத்தையே அழிப்பது வேறு. சோற்றில் கல் கிடந்தால் கல்லைப் பொறுக்குவோம், பானையையா உடைப்போம்?

துன்புறுத்தும் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும், ஆனால் யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதிலே எச்சரிக்கை வேண்டும். ஆடை மறுக்கப்பட்டவளுக்கு என்ன வெட்கம்? மறுத்தவனுக்கே வெட்கம், மறுத்ததை ஆசாரம் என்று ஓதியவனுக்கே வெட்கம். அக்கதையை மறைத்தால், அடிபட்டவன் பிள்ளை தன் பாட்டியின் வீரத்தை அறியாமல் வளர்வான். அடித்தவன் பிள்ளை தன் பாட்டனின் குற்றத்தை அறியாமல் வளர்வான். அறியாத இருவரும் நாளை அதே தவற்றை வேறு பெயரில் செய்வர்.

ஆகவே இளைஞர்களே! பாடநூல் திருந்தும்வரை காத்திராதீர்கள். உங்கள் ஊரில் இடிந்த சுவர் இருக்கும், கல்வெட்டு இருக்கும், முதியோர் இருப்பர். மாணவர் பத்துப் பேரைச் சேருங்கள். ஒவ்வொன்றையும் காட்டிக் கேளுங்கள்: எப்போது? ஏன்? யார் சொன்னது? யாருக்கு இதனால் நன்மை? யார் இதை எதிர்த்தார்? இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளையிடம் எந்தப் பழமையும் பகுத்தறிவின் சோதனைக்குத் தப்பாது; எந்தப் பக்கத்தைக் கிழித்தாலும் அவன் அதைத் தேடிப் படித்துவிடுவான்.