அண்டையாரும் அத்வைதமும்

ஒரு காசு கூடுதலானாலும் உள்ளூர்க் கடையிலேயே கொள்வது தர்மமா, வெறும் அபிமானமா என்னும் வினாவைப் பரளச்சி போன்றதொரு வானம்பார்த்த கிராமத்தில் வைத்துச் சிந்திப்பதே பொருத்தம். ஏனெனில் மழை பொய்த்த வருஷத்தில் அரிசியும் பருப்பும் கடனாகத் தருபவர் அவ்வூர்க் கடைக்காரரேயன்றி, அருப்புக்கோட்டை நகரத்துப் பெருவியாபாரி அல்லர். 1916 பிப்ரவரி 14-இல் சென்னையில் கிறிஸ்தவ மிஷனரிகளின் மாநாட்டில் பேசிய காந்தியடிகள், தொலைவிலுள்ளதை விடுத்து அருகிலுள்ளதைப் பேணும் மனோபாவமே சுதேசியம் என வகுத்து, அதனைச் சமயம், அரசியல், பொருளியல் மூன்றுக்கும் ஒருங்கே பொருத்தினார்.

ஆயினும், பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷியின் அத்வைத நோக்கில் அருகென்றும் தொலைவென்றும் பேதமேது? மெய்தான், ஆனால் எல்லோரும் நம்மவரே என்று கூறி மலிவை நாடுவது, வேதாந்தத்தைப் பையிற் போட்டுக்கொண்டு பேரம் பேசுவதேயாகும். அதற்காக, எடையிற் குறைக்கும் அண்டைக் கடைக்காரருக்கு இத்தர்மம் கேடயமாகாது. நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் வணிகரையன்றோ நேர்மைக்குக் கட்டுப்படுத்துகிறார். 1999-இல் மதுரையில் முதலாவதாகத் திறக்கப்பெற்ற உழவர் சந்தையில், விலையைப் பலகையில் எழுதித் தராசையும் நிர்வாகமே வழங்கியது, எடை பற்றிய இந்த ஐயத்தை அறிந்தே போலும்.