டச்சப் தர்மம்

பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி, ஆனால் தரமாக ஒரு கேமரா வாங்கலாம் என்று வாயைத் திறந்து பாருங்கள். வீட்டில், ஆபீஸில், எதிர் ஃபிளாட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். 'அதான் போன் இருக்கே... எதுக்குத் தனியா கேமரா?'

நியாயமான கேள்வி. வெறும் வரவு செலவு பார்த்தால் இதற்குப் பதிலே கிடையாது. நல்ல காம்பாக்ட் கேமராவின் விலைக்கு நல்ல போனே வந்துவிடும். அதில் படம் எடுக்கலாம், மாமியாரிடம் பேசலாம், கரண்ட் பில்லும் கட்டலாம். கேமராவில் படம் மட்டும்தான் எடுக்க முடியும்.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒரு படத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது, எது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? நாமா, நம் கையில் இருக்கிற சாதனமா? நாம்தான் என்றால், எதுவரை போகலாம்? இதற்குக் கடைக்காரர் பதில் சொல்ல மாட்டார்.

அவர் பதில் சொல்லக்கூடிய விஷயத்தை முதலில் சீக்கிரம் முடித்துவிடுவோம்.

மெகாபிக்ஸல் எத்தனை என்று கேட்காதீர்கள். சென்ஸார் எவ்வளவு பெரிசு என்று கேளுங்கள். முன்பு பிலிம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது சென்ஸார். மழைத் தண்ணீரை டம்ளரில் பிடிப்பதற்கும் அண்டாவில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். சாதாரண காம்பாக்ட் கேமராவில் இது சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மாதிரியான கேமராக்களில் 13.2-க்கு 8.8. பரப்பளவில் நாலு மடங்கு. 2019-ல் வந்த ரிக்கோ ஜிஆர்3, ஃபுஜிபிலிமின் எக்ஸ்100 வரிசை ஆகியவற்றில் அதையும்விட மூன்று மடங்கு பெரிசு. மண்டபத்தில் முகூர்த்த நேரத்து அரை வெளிச்சத்தில் எடுக்கும்போது இதன் அருமை தெரியும். அடுத்து, லென்ஸின் 'எஃப்' நம்பர். 1.8, 2, 2.8 என்று சின்னதாக இருந்தால் நல்லது. மூன்றாவது, 'ரா' ஃபைலாகப் பதிவு செய்கிற வசதி. இந்த மூன்றும் இருந்தால் பிராண்ட் எதுவானாலும் தைரியமாக வாங்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர் சென்ஸாருக்கு 'ஒரு இன்ச் சென்ஸார்' என்று பெயர். குறுக்கே மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டர்தான் வரும். ஒரு இன்ச் என்பதோ 25.4. ஏன் இப்படி? அந்தக் காலத்து டெலிவிஷன் கேமராக்களில் கண்ணாடிக் குழாய்தான் படத்தை வாங்கிக்கொள்ளும். குழாயின் வெளி விட்டம் ஒரு இன்ச். படம் விழுகிற இடம் அதற்குள்ளே சின்னதாக இருக்கும். குழாய் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் மனசில் நினைத்துக்கொள்கிற அளவு உண்மையில்லை. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கழித்து வேண்டியிருக்கும்.

கேமரா வாங்கியாயிற்று. அடுத்து கம்ப்யூட்டரில் எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், வீட்டில் யாராவது ஒரு பெரியவர் முகம் சுளிப்பார். 'எடுத்தது எடுத்தபடி இருக்கணும்ப்பா. அதுல கை வெச்சா அது போட்டோவே இல்ல.'

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எடுத்தது எடுத்தபடி இருக்கிற படம் என்று ஒன்று கிடையவே கிடையாது. டிஜிட்டல் கேமராவின் சென்ஸாருக்கு வெளிச்சம்தான் தெரியும், நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு ஃபில்ட்டரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் பேட்டன்ட் வாங்கிய யோசனை இது. ஒரு புள்ளி ஒரு நிறத்தைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து கேமரா உத்தேசமாகப் போட்டுக்கொள்ளும். அதாவது, உங்கள் படத்தில் இருக்கிற நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் போட்டு வந்தது. அதன்பிறகு லென்ஸின் வளைவை நிமிர்த்தி, இருட்டில் இருக்கிற புள்ளிகளைத் துடைத்து, வானத்துக்குக் கொஞ்சம் நீலம் ஏற்றி, ஜேபெக் என்று நம் கையில் கொடுக்கிறது. எடிட்டிங் முடிந்த பிறகுதான் படத்தையே பார்க்கிறோம்.

போன் இன்னும் ஒரு படி மேலே போகும். 2023 மார்ச்சில் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, அறையை இருட்டாக்கி, சாம்சங் போனில் எடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத விவரங்களெல்லாம் போன் படத்தில் துல்லியமாக வந்திருந்தன! நிலா என்று அடையாளம் கண்டால் செயற்கை நுண்ணறிவு விவரங்களைக் கூட்டிக் காட்டும் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. நிலாவுக்குப் பரவாயில்லை, அது ஆட்சேபிக்காது. நம் வீட்டுப் பெண்ணின் முகத்துக்கும் இதே உபகாரத்தைச் செய்கிற போன்கள் இருக்கின்றன. யாரும் கேட்காமலேயே தோலை வழவழப்பாக்கி, ஒரு சுற்று வெளுக்க வைத்துவிடும்.

தனியாக ஒரு கேமரா, ரா ஃபைல், எடிட்டிங் சாஃப்ட்வேர் என்று மெனக்கெடுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். திருத்தம் எப்படியும் நடக்கும். அதை நாம் செய்தால் அதற்கு நாம் பொறுப்பு. ரா ஃபைல் என்பது சென்ஸார் வாங்கிய வெளிச்சத்தின் கணக்கு, பெரிதாக அலங்காரம் ஏதும் பண்ணாமல். (போனிலும் பலவற்றில் ரா எடுக்கலாம். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.)

'எல்லாமே டச்சப்தான்னா அப்புறம் இதுல என்ன சரி, என்ன தப்பு?' என்று நீங்கள் மடக்கலாம்.

பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் தேய்மானம் ஞாபகம் வரும். ஒரு கம்பெனி நாற்காலி மேஜை வாங்குகிறது. வருஷத்துக்கு பத்து பர்சென்ட் தேய்ந்தது என்று கணக்கு எழுதுகிறது. நிஜமாகவே பத்து பர்சென்ட்தான் தேய்ந்ததா? யாருக்குத் தெரியும்! அது ஒரு உத்தேசம். ஆனாலும் எந்த ஆடிட்டரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார். என்ன முறையில் கணக்குப் போட்டோம் என்று பேலன்ஸ் ஷீட்டின் பின்குறிப்பில் எழுதியிருக்கும். படிக்கிறவர் ஏமாற வழியில்லை. 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் பேங்க் பேலன்ஸிலும் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று. இரண்டுமே உள்ளதை உள்ளபடி சொல்லாத எண்கள்தான். ஒன்று உத்தேசம், இன்னொன்று மோசடி. நம்பிப் பார்க்கிறவருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

போட்டோவும் அப்படித்தான். 2003-ல் பிரையன் வால்ஸ்கி என்ற போட்டோகிராபர் இராக்கில் ஒரு பிரிட்டிஷ் ராணுவ வீரரையும் பொதுமக்களையும் சில விநாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுத்தார். ஒன்றில் வீரரின் நிலை பிரமாதம், இன்னொன்றில் ஜனங்கள் பிரமாதம். இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கினார். இரண்டுமே அவர் எடுத்த நிஜப் படங்கள்தான். ஆனால் அந்த ஒரு கணம் நடக்கவே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அவரை வேலையை விட்டுத் தூக்கியது.

பத்திரிகைக்காரன் கதை இருக்கட்டும், வீட்டுப் படத்துக்கு என்ன? 2024 மார்ச்சில் பிரிட்டன் இளவரசி கேட், தன் மூன்று குழந்தைகளோடு இருக்கிற படம் ஒன்று அரண்மனையிலிருந்து வெளியானது. சில மணி நேரத்திலேயே ஏ.பி., ராய்ட்டர்ஸ் முதலான செய்தி நிறுவனங்கள் அதை வாபஸ் வாங்கின. மகளின் ஸ்வெட்டர் கைப்பகுதி ஒட்டாமல் நிற்கிறது, படம் திருத்தப்பட்டிருக்கிறது என்றார்கள். பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் பலரைப் போல நானும் எடிட்டிங் செய்து பார்ப்பேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார் கேட். அதே படம் அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருந்தால் உலகத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். செய்தி என்ற விலாசத்துக்குப் போனதும் அதே திருத்தம் குற்றமாகிவிட்டது.

சரி, வீட்டுக்குள்ளேயே இருக்கிற படத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

பெரிய ஊர், சின்ன ஊர் வித்தியாசமில்லாமல் ஸ்டூடியோக்காரர்கள் செய்து கொடுக்கிற இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, காலமான அப்பாவை மகளின் கல்யாணப் படத்தில் பக்கத்தில் நிற்க வைப்பது. இன்னொன்று, விவாகரத்தாகிப் போன மருமகளைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிடுவது. சாஃப்ட்வேருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலை. முதல் படத்தில் யாரும் ஏமாறவில்லை. அப்பா இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஒரு ஆசையின் படம், கும்பிட வைத்திருக்கிற படம் மாதிரி.

இரண்டாவதிலும் இன்றைக்கு யாரும் ஏமாறவில்லை. அந்தப் பெண் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு ஒரு குழந்தை இருந்தால்? இருபது வருஷம் கழித்து அது ஆல்பத்தைப் புரட்டும்போது, அம்மா நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி நிற்கும். ஸ்டாலினோடு மாஸ்கோ கால்வாய்க் கரையில் சிரித்தபடி நடந்த நிகோலாய் யெஷோவ், 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பின் அந்தப் படத்திலிருந்தும் காணாமல் போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடியது. அதைப் படித்து 'என்ன கொடுங்கோல்' என்று உச்சுக் கொட்டுகிற நாமே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே வேலையைப் பார்க்கலாமா? படத்தை நம்பப்போகிறவர்கள் இன்னும் பிறக்காதவர்களாகவும் இருக்கலாம்.

இன்னொரு ஆளும் இருக்கிறார். படத்தில் இருப்பவர்.

1994 ஜூனில் ஓ.ஜே.சிம்ப்சன் கைதானபோது போலீஸ் எடுத்த படத்தை டைம் பத்திரிகை அட்டையில் இன்னும் கறுப்பாக்கிப் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அட்டையில் அதே படம் இயல்பான நிறத்தில். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கியபோது குட்டு உடைந்தது. கறுப்பு என்றால் குற்றம் என்று சொல்லாமல் சொல்கிறீர்கள் என்று கண்டனம் கிளம்ப, டைம் வருத்தம் தெரிவித்தது. அங்கே கறுப்பாக்கினார்கள், நாம் வெளுப்பாக்குகிறோம். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பெண்ணின் போட்டோவை 'கொஞ்சம் கலராக்கிக் குடுங்க' என்று ஸ்டூடியோவில் சொல்கிற பெற்றோர் எத்தனை பேர்! எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஒரு கோல் உண்டு. அதை வலது பக்கம் நகர்த்தினால் நம் ஊர்த் தோல் இரண்டு ஷேட் ஏறிவிடும். மூன்று விநாடி வேலை.

மாப்பிள்ளை வீட்டார் ஏமாறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், நேரில் பார்த்தால் தெரியப்போகிறது. அந்தப் பெண் அந்தப் படத்தைப் பார்க்கும்போது என்ன படிப்பாள்? 'நீ இருக்கிறபடி போதாது' என்று அப்பா அம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சர்ட்டிபிகேட். 'ஒரு இன்ச்' சென்ஸாரைப் போல இங்கேயும் யாரும் வாய்விட்டுப் பொய் சொல்லவில்லை. நார்வேயில் விளம்பரத்தில் உடம்பைத் திருத்திய படம் வந்தால் திருத்தியது என்று முத்திரை போட வேண்டும் என்று 2021-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். பேலன்ஸ் ஷீட்டின் பின்குறிப்பு மாதிரிதான். நம் வீட்டுக்குச் சட்டம் வேண்டாம். படத்தில் இருப்பவரிடம் 'இப்படிப் பண்ணட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஆகவே சாஃப்ட்வேர் கற்றுக்கொள்கிறவர்கள் வரிசையாகக் கற்றுக்கொள்ளுங்கள். லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட மனமில்லை என்றால் டார்க்டேபிள், ரா தெரப்பி இரண்டும் இலவசம். முதலில் படத்தை நிமிர்த்துவது, வேண்டாத ஓரத்தை வெட்டுவது. அப்புறம் வெளிச்சம். அப்புறம் ஒயிட் பேலன்ஸ். டியூப்லைட்டில் பச்சையடித்த முகத்தை, கண் பார்த்த நிறத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது இதுதான். வெளுக்க வைப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஒரு மாசம் இதை மட்டும் பழகினாலே பாதிப் படங்கள் தேறிவிடும். அழிக்கிற பிரஷ்ஷைக் கடைசியில் தொடுங்கள். தொழில் தெரிந்த பலர் கடைப்பிடிக்கிற ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாரத்தில் தானாகப் போகிற பருவை எடுப்பார்கள். ஸ்கூல் டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதிக் கொடுத்த மச்சத்தைத் தொட மாட்டார்கள்.

இந்த சாஃப்ட்வேர்களில் எனக்குப் பிடித்த குணம் வேறு ஒன்று. நீங்கள் எத்தனை திருத்தம் செய்தாலும் இவை ரா ஃபைலில் கை வைப்பதில்லை. என்னென்ன செய்தீர்கள் என்பதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். ரா என்பது வவுச்சர், திருத்தங்கள் ஜர்னல் என்ட்ரி, வெளியே அனுப்புகிற படம் பேலன்ஸ் ஷீட். கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடமும் அதுதான். கணக்கை எப்படி வேண்டுமானாலும் எழுது, வவுச்சரை மட்டும் கிழிக்காதே.

ஹார்ட் டிஸ்க் விலை ஒன்றும் பிரமாதமில்லை. பூந்தொட்டி வைத்த படத்தைப் பிரேம் போட்டு மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளட்டும். அம்மா நிற்கிற படம் எங்கேயாவது ஒரு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கட்டும்.